காசியைப் பற்றிக் கேட்காதவர்

மன நிம்மதிக்காகத் திருவண்ணாமலைக்கு வந்ததாகத்தான் சகாதேவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நிம்மதியாவது, மண்ணாவது! கடற்படை உளவுப் பிரிவுக்கே தலைவராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் வீடு பிடித்தது காசி என்ற ஓர் ஆளுக்காக.

காசி அடி அண்ணாமலைக்காரன், கப்பலில் ரேடியோ ஆப்பரேட்டர். எழுபத்தொன்றில், வங்கதேசப் போருக்கு முன்னால், அவனை மீனவன் வேஷத்தில் எதிரிக் கரைக்கு அனுப்பியவர் சகாதேவன். அவன் பிடிபட்டான், அடித்தே கொன்றுவிட்டார்கள். நம் ஆள் என்று ஒப்புக்கொண்டால் அங்கிருந்த மற்ற உளவாளிகளும் மாட்டுவார்கள். அதனால் காசி வேலையை விட்டு ஓடிப்போய்விட்டான் என்று ஊருக்குத் தகவல் அனுப்பினார். அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். வழக்கம் என்று சொல்லிக்கொண்டால் தூக்கம் வந்துவிடுமா?

இப்போது வருஷம் எண்பத்து நான்கு. விடிந்ததும் மலையைச் சுற்றப் புறப்படுவார். நல்ல வெயிலிலும் கொஞ்ச தூரம் முன்னால் காசி நடப்பான், அந்த மீனவன் வேஷத்து ஈரச் சட்டையோடு. இவர் வேகம் கூட்டினால் அவனும் கூட்டுவான். திரும்பி மட்டும் பார்க்கமாட்டான். அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை வந்ததும் காணாமல் போய்விடுவான். அது அவன் மனைவி பச்சையம்மாளின் கடை. சகாதேவன் தினமும் அங்கே தலைநிமிராமல் டீ குடிப்பார், ஒரு வார்த்தை பேசமாட்டார். எச்சரிக்கையான ஆள் அல்லவா!

தை மாதத்தில் ஒருநாள் கடையில் வேறு யாரும் இல்லை. பச்சையம்மாள் டீ கிளாஸை வைத்துவிட்டு எதிரிலேயே நின்றாள்.

"ஐயாவுக்கு எங்க வூட்டுக்காரரத் தெரியும், இல்லிங்களா?"

"ஏம்மா கேக்கறே?"

"இந்த வழியா போறவங்க எல்லாம் கிளாஸ கையில வாங்கறதுக்குள்ள, புருஷன் இன்னா பண்றாரு, எத்தினி பசங்கனு கேட்டுடுவாங்க. ரெண்டு வருசமா வர்றீங்க. நீங்க ஒருத்தருதான் கேக்கல."

எத்தனையோ பேரின் வாயைப் பிடுங்கியவர், வாயை மூடியே மாட்டிக்கொண்டார்.

"அவரு..." என்று ஆரம்பித்தார்.

"இருங்க!" அவள் கையை உயர்த்தினாள். நெற்றியில் குங்குமம் பெரிதாக இருந்தது. "இருக்காரா இல்லியானு நான் கேக்கல. மாசியில பொண்ணுக்குக் கல்யாணம். நலங்கு நான்தான் வெக்கணும். தாலியறுத்தவள வெக்க வுடுவாங்களா? ஓடிப்போனவன் பொண்ணுனு மாப்ள வூட்ல முணுமுணுக்கறாங்க. ஓடினாரா, இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"ஓடலம்மா. ஓடினார்னு ஊருக்குச் சொன்னது நான்தான்."

"பன்னெண்டு வருசங்க! கண்டவன் பேச்செல்லாம் கேட்டேன்." அடுப்பைத் தணித்தாள். "மாப்ள வூட்டுக்கு வந்து இதச் சொல்வீங்களா?"

அரசாங்க ரகசியம். வெளியே சொன்னால் ஜெயில்தான். பயமாகத்தான் இருந்தது அவருக்கு.

"சொல்றேன்."

"சரிங்க. கல்யாணம் முடியட்டும், மீதிய அப்புறம் கேட்டுக்கறேன். அதுவரைக்கும் இருக்காரா இல்லியாங்கறத மட்டும் யார் கிட்டயும் சொல்லிடாதீங்க."

பச்சையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பொட்டு கலைந்துவிடாமல் பார்த்து.