மிஸஸ் போட்டு அப்பா பெயர்

திரையில் மிஸஸ் என்று போட்டு, பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தது. அந்தப் பெயரில் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே, ஹெட்போனைச் சரிசெய்து மனப்பாடமாக ஒப்பித்தேன்.

“வணக்கம் மேடம். உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?”

பதில் வரக் கொஞ்சம் நேரமானது. பிறகு ஓர் ஆண் குரல், “இந்த லேண்ட்லைன கட் பண்ணணும்” என்றது. விலாசத்தைப் பார்க்கும் முன்பே தெரிந்துவிட்டது. என் தம்பி. கடைசி வார்த்தையை லேசாக இழுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

“காரணம் தெரிஞ்சுக்கலாமா சார்?”

“அம்மா போன வாரம் இறந்துட்டாங்க.”

நான் எனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டதற்காக வீட்டில் என்னைத் தலைமுழுகி ஏழு வருடம் ஆகிறது. முடிவு அப்பாவுடையது. அம்மாவும் தம்பியும் வாயை மூடிக்கொண்டார்கள். அம்மாவுக்கு ஏதாவது ஆனால் யாராவது ஒரு வார்த்தை சொல்லியனுப்புவார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அந்த நிமிடம் புரிந்தது. புரிந்ததே தவிர ஒன்றும் வலிக்கவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்ட ஈறு போல இருந்தது உடம்பு முழுக்க.

இந்த டெலிபோன் கம்பெனி கால் சென்டரில் சேர்ந்தபோது முதல் வாரம் பூராவும் மரியாதைப் பாடம்தான் நடந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு சாரோ மேடமோ தொங்க வேண்டும். காத்திருக்கச் சொன்னால் ப்ளீஸ், காத்திருந்தால் தேங்க் யூ. தப்பு யாருடையதாக இருந்தாலும் சாரி நம்முடையது. கீச்சுக் குரல்காரர் ஒருவரை எங்கள் ஆள் பத்து நிமிடம் மேடம் போட்டுக் கொஞ்சியதும், கடைசியில் அவர் “எனக்கு மீசை இருக்கும்மா” என்று சொன்னதும் எங்கள் கேன்டீனில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் கதை. இதையெல்லாம் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஒட்டுக்கேட்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார். நாங்கள் அவருக்கு வைத்த பெயர் காது. சொந்தக்காரர்களோடு லைனில் பேசுவது தெரிந்தால் அன்றைக்கே சீட்டுக் கிழிந்துவிடும். என் வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து என் ஒருத்தி சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. திரையின் மூலையில் சிவப்புப் புள்ளி எரிந்தது. காது கேட்டுக்கொண்டிருந்தார்.

சாவுக்கும் எங்களிடம் ஒரு வரி உண்டு.

“வீ ஆர் சாரி ஃபார் யுவர் லாஸ், சார்” என்றேன்.

குரல் பிசிறவில்லை. எனக்கே அருவருப்பாக இருந்தது. இவனுக்கு நான் மூக்குச் சிந்திவிட்டிருக்கிறேன். ‘டேய்’ போடாமல் இவனைக் கூப்பிட்டதே இல்லை. “எப்படிடா ஆச்சு?” என்று கேட்க முடியாது; சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.

கை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது. ஆள் இறந்துவிட்டால் பெயருக்கு முன்னால் இருக்கும் பட்டத்தை மாற்றாமல் இணைப்பை மூட முடியாது. அழுத்தினால் மிஸ்டர், மிஸஸ், மிஸ், டாக்டர் என்று இறங்கிக்கொண்டே போகும். கடைசியில் லேட். அதை அழுத்தினேன். மிஸஸ் போய் லேட் வந்து உட்கார்ந்தது. லேட், அப்புறம் அப்பாவின் பெயர்.

எனக்குத் தெரிந்தவரை அப்பா உயிரோடுதான் இருக்கிறார். இணைப்பு வாங்கிய அன்று அவர்தான் இப்படி எழுதிக் கொடுத்திருப்பார். அம்மாவுக்கென்று தனியாக ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தோன்றியே இருக்காது.

“சார், இதுல கணவர் பேர்தான் இருக்கு. இறந்தவங்களோட சொந்தப் பேர் சொல்லுங்க.”

அந்தப் பக்கம் எங்கோ ஒரு குழாய் ஒழுகும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுச் சமையலறைக் குழாயாக இருக்கலாம்.

“உங்களுக்குத் தெரியாதா மேடம்?”

நான் வணக்கம் சொன்னபோதே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. சிவப்புப் புள்ளியைப் பார்த்தேன்.

“நீங்கதான் சொல்லணும் சார். ப்ளீஸ்.”

அந்த ப்ளீஸ் பாடத்தில் இல்லாதது. சொன்னான். அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அப்பாவுக்கு அவள் எப்போதும் ‘இந்தா’தான். ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். திரை ஏற்றுக்கொண்டது.

“கடைசில வலி ஏதாவது இருந்துச்சா சார்?”

கேட்டேவிட்டேன். கண்ணாடி அறையில் காது நிமிர்ந்து என் பக்கம் பார்த்தார்.

“இல்ல மேடம். தூக்கத்துலயே.” மூக்கை உறிஞ்சினான். “அவங்க அடிக்கடி உங்க கம்பெனி நம்பருக்குப் போடுவாங்க மேடம். போன் நல்லாத்தான் இருக்கும். கோளாறுன்னு சொல்லுவாங்க. எடுக்குற பொண்ணு பேசுறதக் கொஞ்ச நேரம் கேட்டுட்டு, இது இல்லன்னு வச்சுருவாங்க.”

நான் இங்கே வேலை பார்ப்பது அம்மாவுக்கு யார் மூலமோ தெரிந்திருக்கிறது. இங்கே முந்நூறு பேர் உட்கார்ந்திருக்கிறோம். எந்த அழைப்பை யாருக்குக் கொடுப்பது என்று மெஷின்தான் தீர்மானிக்கிறது. அம்மாவின் அழைப்பு எனக்கு ஒரு தடவைகூட விழவில்லை. எதிரில் இருந்தவள் யாருக்கோ சாரி மேடம், சாரி மேடம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவிடமும் இவள் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“இணைப்பை மூடியாச்சு சார். வேற ஏதாவது உதவி வேணுமா?”

“வேணாம்.” கொஞ்சம் பொறுத்து, “தேங்க் யூ...” என்றான்.

அதன் வாலில் வர வேண்டிய சொல் வரவில்லை. மேடம் என்று சொன்னால் இத்தோடு முடிந்தது. வேறொன்று சொன்னால் என் வேலை போகும். எதுவாக இருந்தாலும் சொல்லட்டும் என்று இருந்தது எனக்கு. நாங்கள் முதலில் போனை வைக்கக்கூடாது என்பது இங்கே சட்டம். அவனும் வைக்கவில்லை. காது ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிக்கொண்டு கண்ணாடிக் கதவைத் திறந்தார். திரையில் விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன. தம்பி மூச்சு விடுவது கேட்டது. வாய் திறக்கும் முன் இழுக்கிற மூச்சு.