வெள்ளிக்கிழமை மேற்கே சூலம்

பூமிநாதனுக்கு அன்றைக்கு வந்த கோபத்துக்கு ஒரு படி மிளகாயை அப்படியே மென்று தின்றிருந்தாலும் உறைத்திருக்காது.

இரண்டு காளையையும் ஒரு துண்டு நஞ்சையையும் விற்று லாரி வாங்கியவன் அவன். மானகிரியில் அதற்கு முன் யாரும் லாரி வைத்திருந்ததில்லை. வாங்கிய நாளிலிருந்து சந்தைக்கு வைக்கோல் ஏற்றியே வண்டி தேய்ந்துகொண்டிருந்தது. கடைசியில் கொல்லத்து வியாபாரி ஒருவர், "முதல் லோடு மிளகாய் சொன்ன நாளில் வந்தால், மாதா மாதம் உனக்கே பாரம்" என்று எழுதினார். கொல்லம் இருப்பது திருவிதாங்கூர்ச் சமஸ்தானத்தில். அங்கே நம் சர்க்கார் சீட்டு செல்லாது. தனி பர்மிட் வேண்டும். அதற்காகப் பூமிநாதன் நடந்த நடையில் செருப்பே தேய்ந்துவிட்டது. வந்த பர்மிட்டிலும் ஒரு கெடு இருந்தது: சனிக்கிழமை விளக்கு வைப்பதற்குள் செங்கோட்டைச் சாவடியில் வண்டி நிற்க வேண்டும். தவறினால் அது வெறும் காகிதம்.

அவன் வழியைக் கனவில்கூடச் சொல்வான். வெள்ளி விடியலில் கிளம்பி குன்றக்குடி, திருப்பத்தூர் வழியாக மதுரை. அங்கே ராத்தங்கல். சனி காலை புறப்பட்டால் பொழுதிருக்கச் செங்கோட்டை. மலைப்பாதையை மறுநாள் வெளிச்சத்தில் ஏறிக்கொள்ளலாம். பாலங்கள் தாங்கும் அளவுக்கு மேல் ஒரு மூடை ஏற்றவில்லை. பிரேக்கை இரண்டு முறை பிரித்துப் பார்த்தாயிற்று. மாற்றி ஓட்ட லைசென்ஸ் உள்ள மருதுவையும் சேர்த்துக்கொண்டான். எல்லாம் சரி. மச்சான் கருத்தையாவை மட்டும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டான்.

கருத்தையா அவன் பெண்டாட்டிக்கு அண்ணன். மிளகாய் அவர் புஞ்சைக் கொல்லையில் விளைந்தது. வியாழக்கிழமை மூடை ஏற்றி முடித்ததும் அவர் வானத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, நாளைக்கு வெள்ளி. மேக்க சூலமுல்ல? அந்தத் தெசையில பயணம் ஆகாதே."

"வெல்லத்தை வாயில போட்டுக்கிட்டுக் கிளம்பலாம்னு பஞ்சாங்கமே சொல்லுது மச்சான்."

"அது மனுசனுக்கு. லாரிக்கு எந்த வாயில போடுவீக? எங்க அண்ணன் சூலத்துலதான் வண்டி கட்டிப் போனாரு, திரும்பி வரல. எந்தங்கச்சி கழுத்தப் பாத்துப் பேசுங்க. இப்பவே கிளம்பிருங்க."

"இப்பக் கிளம்புனா இருட்டீரும். கட்டைவண்டிகளுக்கு நடுவுல ராத்திரி லோடு வண்டி ஓட்டமாட்டேன். நாளைக்குத்தான்."

கருத்தையா வாயை மூடிக்கொண்டார். அப்போதே பூமிநாதன் உஷாராகியிருக்க வேண்டும். மச்சான் பேசினால் பயமில்லை. பேசாமல் இருந்தால்தான் பயம். ஆனால் தார்ப்பாய் கட்டக் கயிறு வாங்கச் செக்காலைக் கடைவீதிக்குப் போய்விட்டான். திரும்பி வந்து பார்த்தால் லாரி நின்ற இடத்தில் எண்ணெய்க் கறைதான் இருந்தது.

பிரயாணத்துக்கு நாள் சரியில்லை என்றால் நல்ல வேளையில் ஒரு பொருளை வேறு வீட்டில் கொண்டுபோய் வைப்பது நம்மவர் வழக்கம். பரஸ்தானம் என்பார்கள்; பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. குடை வைப்பார்கள், துணி மூட்டை வைப்பார்கள். பாரம் ஏற்றிய லாரியையே பரஸ்தானம் வைக்கப் புறப்பட்ட மகராசன் உலகத்திலேயே கருத்தையா ஒருவர்தான். அதுவும் எங்கே? வடக்கே, தன் அக்கா வீட்டு வாசலில். அந்த ஊர் புதுக்கோட்டைச் சமஸ்தானம். மாப்பிள்ளைதான் அனுப்பச் சொன்னார் என்று மருதுவிடம் அளந்து, அவன் பக்கத்திலேயே ஏறி உட்கார்ந்தும் போயிருக்கிறார்.

லாரி வடக்கே போனதாகக் கேட்டுப் பூமிநாதன் அன்று ராத்திரி இரவல் சைக்கிளில் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது வண்டி எல்லைச் சாவடியில் நின்றது. சமஸ்தானத்துக்குள் பாரவண்டி வர அனுமதிச் சீட்டு இல்லை.

"பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுத்த ஊருய்யா. அது என்ன சீமையா? எங்க அக்கா வீட்டுக்குப் போக எனக்குச் சீட்டா?" என்று கருத்தையா கத்திக்கொண்டிருந்தார்.

சாவடி அதிகாரி நல்ல மனிதர்தான். "ஐயா, நீங்க தாராளமாப் போங்க. வண்டிதான் போகக்கூடாது" என்றார். அபராதம் கட்டினால் மட்டும் போதாது, மேலிடத்து உத்தரவு வந்தால்தான் விடமுடியும் என்றும் சொன்னார்.

பூமிநாதன் கெஞ்சினான். திருவிதாங்கூர் பர்மிட்டை எடுத்துக் காட்டினான். வடக்கே நின்றுகொண்டு மேற்கே போகும் சீட்டைக் காட்டினால் யார் நம்புவார்கள்? வெள்ளிக்கிழமை முழுதும் வெயிலும் காத்திருப்புமாகப் போயிற்று. அவனும் மருதுவும் மூடைகளுக்குக் காவலாக மாறி மாறி விழித்திருந்தார்கள். மிளகாய் நெடியில் தும்மியே தூக்கம் போயிற்று. மச்சானோ அக்கா வீட்டுக் கோழிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார். அவனுக்கும் ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார். அதைப் பார்க்கவே அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உத்தரவு வந்தபோது சனிக்கிழமை வெயில் ஏறியிருந்தது.

கருத்தையா துள்ளி எழுந்தார். "ஏறுங்க மாப்பிள்ளை! நிக்காம மிதிச்சா விளக்கு வைக்கிறதுக்குள்ள போயிரலாம். சனிக்கிழமை மேக்க சூலமும் இல்ல!"

பூமிநாதன் ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தான். மனசு வழியை ஓட்டிப் பார்த்தது. போகலாம். சட்டம் சொல்லும் வேகத்தை இரண்டு பங்காக்கி, சந்தைக் கூட்டத்துக்குள் ஹாரனை அலறவிட்டு, ஓர் இடத்தில்கூட நிற்காமல் போனால் போய்விடலாம். மாதா மாதம் பாரம். பக்கத்தில் மருதுவைப் பார்த்தான். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து, உட்கார்ந்தபடியே அவன் தலை ஆடிக்கொண்டிருந்தது. தன் கண்ணும் அப்படித்தான் எரிந்தது.

அவன் கீழே இறங்கினான்.

"வண்டி மானகிரிக்குத்தான் போகுது. அதுவும் மருது ஒரு தூக்கம் தூங்கி எந்திரிச்ச பொறவு."

"என்ன மாப்பிள்ளை, கைக்கு வந்தத விடுறீக? நாந்தான் பயந்தேன், நீங்களுமா?"

"ஆமா, எனக்கும் பயந்தான்" என்று பூமிநாதன் வெடித்தான். "நீங்க சூலத்துக்குப் பயந்தீக. நான் தூக்கத்துக்குப் பயப்படுறேன். சூலம் ஆரைக் கொன்னுச்சோ எனக்குத் தெரியாது. கண்ணசந்தவன் வண்டி எத்தன பேர்மேல ஏறும்னு எனக்குத் தெரியும். எந்தப் பொறப்புல செஞ்ச பாவமோ, உங்களுக்கு மாப்பிள்ளையா வந்து வாய்ச்சேன்!"

கருத்தையா தோளில் கிடந்த துண்டை எடுத்து, இருக்கையில் சாய்ந்திருந்த மருதுவின் முகத்தில் வெயில் படாமல் கதவோரம் பிடித்துக்கொண்டார். பூமிநாதன் சக்கரத்தோரம் நிழலில் படுத்தான். கொல்லத்துக்கு என்ன தந்தி அடிப்பது என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது, தூக்கம் வரவில்லை.