தங்கச்சிக்குத் தெரியும்

சோதனை செய்ய வந்தவர் நல்ல மனிதர்தான். கேள்வி கேட்டே பிழைப்பவர்களுக்கு வந்துவிடும் மிடுக்கு அவரிடம் இல்லை. படிவம் செருகிய அட்டையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒம்பதே ஒம்பது கேள்வி மேடம். அரை மணி நேரத்துல முடிச்சிடலாம்" என்றார்.

அக்கா தலையாட்டினாள். பட்டறையில் வேலை செய்யும் நாலு பேரும், கூரியர்காரரும், எதிர்க்கடைக்காரரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தங்கச்சி கூப்பிட்டுக் கூப்பிட்டு எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்ட பெயர். அந்தத் தங்கச்சி செத்து மூன்று மாதம் ஆகிறது. சாலையைக் கடக்கும்போது ஒரு வேன் மோதிவிட்டது. சோதனைக்காரருக்கு இது தெரியாது. அக்காவும் சொல்லவில்லை.

அவர்கள் செய்வது காது அச்சு. காது கேளாதவர்கள் வைத்துக்கொள்ளும் மெஷின் காதுக்குள் கச்சிதமாக உட்கார வேண்டும். ஆனால் ஒருவர் காதுத் துளை போல இன்னொருவருக்கு இருக்காது. அதனால் துளைக்குள் பசையை அடைத்து, இறுகியதும் உருவி, ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, அதை வைத்து அச்சு செய்வார்கள். பசை அக்காவின் இலாகா, கம்ப்யூட்டர் தங்கச்சியின் இலாகா. ஆறாயிரத்துச் சொச்சம் காதுகள் அதற்குள் கிடந்தன. பாதிக்கு மேல் ஒரே ஆஸ்பத்திரி அனுப்பியவை.

எங்கேயோ ஒரு பல் டாக்டரின் கம்ப்யூட்டருக்குள் திருட்டு மென்பொருள் ஒன்று புகுந்து, எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, சாவிக்குப் பணம் கேட்டதாம். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிக்கு உதறல். தங்களுக்கு வேலை செய்துதரும் எல்லோரும் கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சோதனையில் தேற வேண்டும், தேறாதவர்களுக்கு அடுத்த மாதம் முதல் காது வராது என்று கடிதம் போட்டுவிட்டார்கள். காது வராவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். அக்காவுக்கு அது புரியாமல் இல்லை. புரிந்தும் பயம் வரவில்லை. மூன்று மாதமாகவே அவளுக்கு எதுவும் வரவில்லை. சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், பசை கலக்குகிறாள், அவ்வளவுதான்.

"முதல் கேள்வி. தெரியாத இடத்துல இருந்து வர்ற மெயிலை இங்க யார் பார்த்துத் தள்ளுவாங்க?"

"தங்கச்சிக்குத் தெரியும்."

"கம்ப்யூட்டருக்கு அப்டேட் போடறது?"

"அதுவும் தங்கச்சிக்குத் தெரியும் சார்."

'தெரியும்' மாதிரி ஒரு சௌகரியமான சொல் கிடையாது. நேற்றைக்கும் இன்றைக்கும் நாளைக்கும் அது ஒன்றுதான்; ஆள் எழுந்து போனபிறகும் அது பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். அக்கா ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. கம்ப்யூட்டரைப் பற்றி யார் எது கேட்டாலும் பத்து வருடமாகச் சொல்லிவந்த பதிலை நாக்கு தானாகவே சொன்னது. அவரும் ஒவ்வொரு கட்டத்திலும் 'தங்கை' என்று குண்டு குண்டாக எழுதிக்கொண்டே போனார். மூலையில் அச்சுகளுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்த மெஷின்காரர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். மறுபடி குனிந்து மெஷினை ஓட்டினார்.

ஏழாவது கேள்வி முடிந்ததும், "உங்க தங்கச்சி பெரிய கெட்டிக்காரங்க போலிருக்கே மேடம்" என்றார் சோதனைக்காரர்.

"ஆமா" என்றாள்.

"எட்டாவது. இதுதான் உயிர்நாடி. எல்லாத்துக்கும் தனியா நகல் எடுத்து வைக்கிறீங்களா?"

அக்கா எழுந்து அலமாரியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கையும் ஒரு நோட்டையும் கொண்டுவந்து வைத்தாள். "ஏற்பாடு தங்கச்சியோடது. வாராவாரம் செருகறது நான். வெள்ளிக்கிழமை செருகணும், அரை மணி கழிச்சு உருவிப் பூட்டணும்." நோட்டில் ஒரு வெள்ளிகூட விடாமல் டிக் இருந்தது. தங்கச்சி செத்த வாரத்திலும் இருந்தது.

அவர் 'தங்கை' என்று எழுதிவிட்டு டிஸ்க்கைச் செருகினார். திரையில் குட்டியாக ஒரு பெட்டி வந்து நின்றது. "பாஸ்வேர்ட் கேட்குதே?"

"அது அப்படித்தான் கேட்கும் சார். கீழே 'பிறகு'ன்னு இருக்கு பாருங்க, அதை அமுக்குங்க. போயிடும்."

அவர் அமுக்கவில்லை. "எத்தனை நாளா அமுக்கறீங்க?"

அக்கா நோட்டைப் புரட்டி எண்ணினாள். "பதிமூணு வாரம்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் நிதானமாக விளக்கினார். பாஸ்வேர்ட் போட்டால்தான் புதிய நகல் ஏறும். 'பிறகு' என்றால் பிறகுதான். பதிமூன்று வாரமாக இந்த டிஸ்க்கில் ஒரு காதுகூட ஏறவில்லை. கடைசியாக ஏறிய தேதியையும் படித்துச் சொன்னார். அவர் படித்திருக்கவே வேண்டாம். அதற்கு மூன்றாம் நாள்தான் அந்த வேன்.

"ஒண்ணும் பதற வேண்டாம் மேடம். தங்கச்சி வந்து பாஸ்வேர்ட் போட்டாங்கன்னா எல்லாம் ஏறிடும். இன்னிக்கு வருவாங்களா?"

"இன்னிக்கு வரமாட்டா."

"சரி, பழையதாவது உசுரோட இருக்கான்னு பார்ப்போம். கடைசியா ஏறினதைத் திறக்கறேன்."

அந்தக் கோப்புக்கு நோயாளி எண் இல்லை. 'புது ஸ்கேனர் சோதனை' என்று மட்டும் இருந்தது. திரையில் சாம்பல் நிறத்தில் ஒரு காது வந்து மெல்லச் சுற்றியது. துளைக்குள் மட்டும் அடைக்க வேண்டிய பசையை யாரோ விளையாட்டாகக் காது முழுக்க அப்பியிருந்தார்கள். மடலின் நுனி இரண்டாகப் பிளந்து ஒட்டிய தழும்புகூட அப்படியே பதிந்திருந்தது.

பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை. ஒன்பது வயது அக்கா தோட்டைப் பிடித்து இழுத்ததில் ஆறு வயதுத் தங்கச்சியின் காது கிழிந்துவிட்டது. மூன்று தையல். வீட்டில் கேட்டதற்கு, கம்பியில் மாட்டிக்கொண்டது என்று சொல்லி அக்காவைக் காப்பாற்றிவிட்டது அந்தக் குட்டி.

"அப்படியே திரும்பி வந்துடுச்சு மேடம், ஒரு சேதாரமும் இல்லை!" என்றார் அவர், உண்மையான சந்தோஷத்தோடு. "யாரோட காது?"

"தங்கச்சியோடது."

"நல்லதாப் போச்சு. ஒம்பதாவது கேள்வியும் அவங்களைப் பத்தித்தான். எட்டு கட்டத்துலயும் அவங்க பேர் இருக்கறதால, அவங்ககிட்ட நானே ஒரு வார்த்தை பேசணும். நம்பர் சொல்லுங்க."

அக்கா திரையையே பார்த்தாள். காது ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தது.

"அவ செத்துட்டா சார்."

மூன்று மாதத்தில் அந்தச் சொல்லை அவள் சொன்னதில்லை. 'போயிட்டா' என்றிருக்கிறாள், 'இல்லை' என்றிருக்கிறாள். மெருகு மெஷின் நின்றது.

சோதனைக்காரர் படிவத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை. "மன்னிச்சிடுங்க மேடம். ஆனா... இந்தப் பேரை வச்சுக்கிட்டு நீங்க தேறிட்டீங்கன்னு என்னால எழுத முடியாது."

"எனக்குத் தெரியும். பேனாவைக் கொடுங்க."

முதல் கட்டத்தில் 'தங்கை' என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் 'யாருக்கும் தெரியாது' என்று எழுதினாள். இரண்டாவதையும் அப்படியே. மூன்றாவதில் கோடு கோணியது. நான்காவதை அடிக்கும்போது அழுகை வந்துவிட்டது. தங்கச்சியைக் கொண்டுபோன ஆஸ்பத்திரியிலும் வராமல், சுற்றி நின்று எல்லாரும் அழு அழு என்று உலுக்கியபோதும் வராமல் இருந்த அழுகை. முன்பின் தெரியாத ஒரு மனிதருக்கு எதிரே, ஒரு காகிதத்தின்மேல், மூக்கு ஒழுக ஒழுக அழுதாள்.

அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "மிச்சத்தை நான் அடிச்சுக்கறேன் மேடம். விடுங்க" என்று கையை நீட்டினார்.

"வேண்டாம் சார். நானே அடிக்கறேன்."

படிவத்தில் இன்னும் நான்கு கட்டங்களில் தங்கச்சி இருந்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஐந்தாவதற்குப் பேனாவைக் கொண்டுபோனாள்.