பத்து ரொட்டி நேரம்

நான்காம் அறை நோயாளி வீட்டுக்குக் கிளம்பியதும் ருத்ரவ்வா அங்கி, முகமூடி, நீலக் கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே புகுந்தாள். துணியை எட்டாக மடித்துக் கிருமிநாசினியில் நனைத்தாள். ஒரு மடிப்புக்கு ஓர் இடம்தான். சுவிட்சைத் துடைத்த மடிப்பு கட்டில் கம்பியைத் தொடக் கூடாது, கம்பியைத் துடைத்தது மேசையைத் தொடக் கூடாது. மேலிருந்து கீழே வரவேண்டும், கழிப்பறை கடைசியில். சொந்த வீட்டில் இதில் பாதி சுத்தம் பார்த்திருந்தால் மாமியார் அவளுக்குக் கோயிலே கட்டியிருப்பாள்.

ஹூப்ளியில் இந்த ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன் பியாடகி மிளகாய் மண்டியில் பதினோரு வருடம் மிளகாய்க் காம்பு கிள்ளியவள். ராத்திரி தூக்கத்தில்கூடக் கண் எரியும். இங்கே நிழல் இருந்தது, குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்லிக்கொள்ள அவள் வெட்கப்பட்டதும் இல்லை.

நான்காம் அறைக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. போன மழைக்காலத்தில் வேறு நோய்க்கு வந்து படுத்த மூன்று பேருக்கு அங்கே எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி தொற்றியது. அதில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீடு திரும்பவில்லை. கட்டிலுக்கடியில் கிடந்த அவருடைய செருப்பை எடுத்துக் கொடுத்தவள் ருத்ரவ்வாதான். அதன்பிறகு, தொற்றுத் தடுப்பைப் பார்த்துக்கொள்ளும் சுனந்தா சிஸ்டர் துப்புரவுக்காரர்களை எல்லாம் கூட்டி வைத்துச் சொன்னார்:

"தேய்ச்சா மட்டும் கிருமி சாகாது அக்கா. மருந்து காயாம பத்து நிமிஷம் நிக்கணும். நடுவுல காஞ்சா மறுபடி நனைக்கணும்."

பத்து நிமிடத்தை எதில் பார்ப்பது? அவளிடம் கைக்கடிகாரம் இல்லை. கைப்பேசிகள் வாசல் பெட்டியில் பூட்டிக் கிடந்தன. தூசி சேருகிறது என்று அறைக் கடிகாரத்தையும் கழற்றியிருந்தார்கள். ருத்ரவ்வா தனக்குத் தெரிந்த கணக்கைப் பிடித்துக்கொண்டாள். சோள மாவைத் தட்டி, கல்லில் போட்டு, மேலே தண்ணீர் தடவி, புரட்டி எடுக்க அவள் கைக்கு ஒரு நிமிடம். முப்பது வருடமாகப் பிசகாத கை. எல்லாவற்றையும் துடைத்து முடித்ததும் மூலையில் இருந்த முக்காலியில் உட்கார்ந்து, காற்றில் பத்து ரொட்டி தட்டுவாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, நடைபாதையில் ஒரு கேமரா இருந்தது. வேலை நேரத்தில் உட்கார்ந்து கைதட்டி விளையாடுகிறாள் என்று ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளன் வீரேஷ் ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தான். விளக்கம் சொல்லப் போனால் அவன் எங்கே காது கொடுத்தான்! மூன்றாவது கடிதம் வந்தால் அடுத்த நாள் வாயிற்காவலரே உள்ளே விடமாட்டார்.

இன்றைக்கு ஆறாவது ரொட்டியில் கண்ணாடி அதிர்ந்தது. கதவை இரண்டு விரல் அளவு திறந்துகொண்டு வீரேஷ் நின்றான். அவன் பின்னால் தள்ளுவண்டியில் இடுப்பெலும்பு முறிந்த ஓர் அம்மாள் படுத்திருந்தாள், பக்கத்தில் அவள் மகன்.

"பேஷன்ட் இங்க காத்துக் கெடக்குறாங்க, உள்ள என்ன பஜனையா நடக்குது?"

"ஆறு ஆச்சு சார். இன்னும் நாலுதான்."

"என்ன நாலு?"

"ரொட்டி."

வலியையும் மறந்து அந்த அம்மாள் சிரித்துவிட்டாள். வீரேஷுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்பவே எந்திரிச்சு வெளிய வா. இல்ல மூணாவது லெட்டர்தான்."

ருத்ரவ்வா பாதி எழுந்தாள். பயமாகத்தான் இருந்தது. இந்த வயதில் மறுபடி மிளகாய் மண்டியா? கட்டில் கம்பியைப் பார்த்தாள். ஈரம் இன்னும் மின்னியது. வாத்தியாரின் செருப்பு ஞாபகம் வந்தது. உட்கார்ந்துவிட்டாள்.

"எழுதிக்கோங்க சார். பாதி வெந்த ரொட்டிய நான் யாருக்கும் போட்டதில்ல."

ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. அவள் எழுந்தபோது சுனந்தா சிஸ்டர் ஊதா விளக்குடன் கதவருகே வந்திருந்தார். நோயாளி கிளம்புவதற்கு முன்பே, கண்ணுக்குத் தெரியாத பசையைப் பன்னிரண்டு இடத்தில் ரகசியமாகத் தடவி வைத்தவர் அவர். சரியாகத் துடைக்காத இடம் அந்த வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அறையை இருட்டாக்கிக் கம்பி, சுவிட்ச், கைப்பிடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு புள்ளிகூட மின்னவில்லை.

"நீங்க உக்காந்ததுல இருந்து நான் எதிர் ரூம் வாசல்ல நின்னு வாட்ச் பாத்துட்டுதான் இருந்தேன்" என்றார். "பத்து நிமிஷம் இருபது செகண்ட். அந்த இருபது எதுக்குக்கா?"

"கடைசி ரொட்டி என்னோடது சிஸ்டர். எனக்குக் கொஞ்சம் முறுகலா வேணும்."

மூன்றாவது கடிதம் எழுதப்படவில்லை. மதியம் சாப்பாட்டில், அடுத்த வார்டைத் துடைக்கும் மெஹபூபி தன் டப்பாவை நீட்டிக் கேலி செய்தாள். "காலையில இருந்து அத்தன ரொட்டி சுட்டியே அக்கா, எனக்கு ஒண்ணாவது கொண்டுவந்தியா?" ருத்ரவ்வா எண்ணெகாயி கத்திரிக்காய்க் குழம்பில் ரொட்டியைத் தோய்த்துக்கொண்டே வாய்விட்டுச் சிரித்தாள். மனசு நிறைந்திருந்தது.

நான்கு மாதம் போனது. அந்த அறையில் படுத்த யாருக்கும் அந்தக் கிருமி தொற்றவில்லை. இடுப்பெலும்பு அம்மாள் தானே நடந்து வீட்டுக்குப் போனாள். மற்ற வார்டு பெண்களும் "எத்தன ரொட்டி ஆச்சு?" என்று ஒருவரையொருவர் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை எல்லாக் கதவிலும் புதிதாக ஒரு தாள் ஒட்டினார்கள். மருந்து பத்து நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும், அதுவரை யாரும் அவசரப்படுத்தக் கூடாது. கன்னடத்தில், பெரிய எழுத்தில் இருந்தது. ருத்ரவ்வா எழுத்துக்கூட்டிப் படித்தாள். தன் பத்து நிமிடம் சட்டமாகிவிட்டதில் அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அடியில் பொடி எழுத்தில் இருந்த வரியைப் படிக்க அவள் மெனக்கெடவில்லை.

உள்ளே போய் மேலிருந்து கீழே எல்லாம் துடைத்தாள். கழிப்பறையை முடித்துக்கொண்டு, உட்காரத் திரும்பினாள்.

முக்காலி இல்லை. அது இருந்த மூலையில் மூன்று வட்டக் கறை மட்டும் இருந்தது. கதவுக்குப் போய் அந்தப் பொடி எழுத்தைப் படித்தாள். பத்து நிமிடமும் பணியாளர் நின்றபடி இருக்க வேண்டும்.

ருத்ரவ்வா திரும்பி வந்து குனிந்து மூன்று கறையையும் துடைத்தாள். சாய்ந்துகொள்ள முடியாது, சுவர் ஈரம். அறை நடுவே நின்று, கால் மாற்றிக்கொண்டு, முதல் ரொட்டியைத் தட்டினாள்.