சதக்காவாகிப் போன மென்பொருள்

சுபஹுக்கு எழும்பினேன். தொழுதேன். நேற்று வாங்கிய பாணில் மிஞ்சியதைப் பருப்புக் கறியில் தொட்டுச் சாப்பிட்டேன். சேர்ட்டை அயன் பண்ணவில்லை. சைக்கிளில் கடைக்கு வந்தேன். கதவைத் திறந்து மேசையைத் துடைத்தேன். எல்லா நாளும் இதுதான்.

கணினி திருத்தும் கடை. ஆனால் நாங்கள் அதைத் தொடங்கியது அரிசி ஆலைகளுக்கான ஒரு மென்பொருளை நம்பி. நானும் என் மனைவி நதீராவும் சேர்ந்து எழுதியது. வரும் நெல், ஈரக் கழிவு, போகும் அரிசி, தவிடு எல்லாவற்றுக்கும் அது கணக்கு வைக்கும். மானாவாரி நெல்லுக்குப் பத்திலொன்று, வாய்க்கால் நெல்லுக்கு இருபதிலொன்று என்று ஏழைகளுக்கான ஸகாத்தைப் பிரிக்கும் பகுதி நதீராவுடையது. மூலநிரலை எல்லோருக்கும் திறந்துவிடுவோம் என்றதும் அவள்தான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். பூட்டிவைத்தால் இரண்டு ஆலையோடு நின்றுவிடும், திறந்துவிட்டால் ஊரெல்லாம் போகும், போகிற இடத்தில் பழுது பார்க்க நம்மைத்தான் கூப்பிடுவார்கள் என்றாள். வருமானம் அந்தக் கூலியில்.

சுனாமி அவளைக் கொண்டுபோனது. மென்பொருள் பரவியது. சண்டை முடிந்து பாதைகள் திறந்த இந்த வருடம் மட்டக்களப்புப் பக்க ஆலைகளிலும் ஓடுகிறது. கூலிதான் வரவில்லை. நதீரா அதைச் சதக்காவாகக் கொடுத்துவிட்டுப் போனாள், அது ஓடுகிற காலமெல்லாம் அவளுக்கு நன்மை எழுதப்படும் என்று ஊரில் ஒரு பேச்சு. மௌத்தானவளின் தர்மத்துக்கு யார் கூலி கொடுப்பார்கள்? நானும் கேட்கவில்லை. வாய் வரவில்லை.

முந்தாநாள் கொழும்புக் கம்பனி ஒன்றின் ஆளாகப் பவிதரன் வந்தார். பாண்டிருப்புக்காரர். அடுத்த பதிப்பை நான் அவர்களுக்கு எழுத வேண்டும். அதன் நிரல் பூட்டப்படும். எனக்கு மாதச் சம்பளம்.

"பழசை ஆரும் வச்சிருக்கட்டும். புதுசு எங்களுக்கு மட்டும்" என்றார்.

கடையை இனி நடத்த முடியாது. இன்று பின்னேரம் கையெழுத்து வைப்பதாகச் சொல்லியிருந்தேன்.

அதற்குள் சாய்ந்தமருதிலிருந்து காலிதீன் காக்கா போன் எடுத்தார். அவருடைய ஆலைக் கணினி நின்றுவிட்டதாம். போனேன். வாசலில் நெல் லொறிகள் வரிசையாக நின்றன.

"வாங்க தம்பி. பெட்டி மௌத்தாப் பெய்த்து. நெல்லு இறக்கேலாமக் கெடக்கு."

"இதுதான் கடைசி, காக்கா. இனிக் கொழும்புக் கம்பனிதான் வரும்."

விசயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

"மௌத்தான புள்ளட சதக்காவ விக்கப் போறீங்களா?"

"சதக்கா எண்டு ஆரு சொன்ன?"

"ஊரே செல்லுது. அவட கடைசிப் பேச்சே அதுதானாமே. ஒங்கட மாமிதான் எங்கட பொண்டாட்டிட்டச் செல்லி அழுதிருக்கா."

சுனாமி வந்த அன்று மாமி வீட்டிலேயே இல்லை. மகளை இழந்தவரை யார் திருத்துவது? நானும் விட்டுவிட்டேன்.

கணினிக்கு முன்னால் உட்கார்ந்தேன். திருகாணியில் கை வைக்கவில்லை.

"என்ன தம்பி, பாத்துக்கிட்டு இரிக்கீங்க?"

"கூலி பேசுவம், காக்கா."

"கூலியா? எழுதினது சும்மாதானே கெடக்கு. வேற ஒருத்தனக் கூப்பிட்டா அவன் செஞ்சிட்டுப் போறான்."

"கூப்பிடுங்க. எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கு. அவனும் கூலி கேப்பான்."

வெளியே ஒரு லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். "பொறுடா, நெல்லென்ன முளைக்கவா போகுது!" என்று காக்கா கத்தினார். பிறகு குரலைத் தணித்தார்.

"கூலி தந்தாக் கொழும்பானுக்குக் குடுக்க மாட்டீங்களே?"

"நீங்களும் மற்ற மில்காரரும் தந்தாக் கடை ஓடும். கடை ஓடினா நான் ஏன் கையெழுத்து வைக்க?"

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சரி. தாறன். மத்தவனுகளோடயும் நான் கதைக்கன். ஆனா ஒண்டு செல்லுங்க. அந்தப் புள்ள மெய்யா என்னதான் செல்லிச்சு?"

சுனாமி வந்த அந்த ஞாயிறு காலை நான் இந்த ஆலைக்குத்தான் புறப்பட்டேன். நதீரா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள்:

"காலிதீன் காக்காட மில்லுக்குத்தானே? பெட்டியத் தொறக்க முந்திக் கூலியப் பேசிருங்க. போன தரம் மாதிரித் தேத்தண்ணியக் குடிச்சிட்டு வந்துராதீங்க."