புதினாக்காரி படுத்திருந்த பக்கம்

புதினாக்காரி இறந்து மூன்றாவது வாரம், கட்டிலில் அவள் படுத்துக்கொள்ளும் பக்கத்தில் செடி முளைத்தது. அந்த வாரம் தெருக்குழாயில் தண்ணீர் வராமல் எல்லோரும் குடமும் கையுமாக அலைந்துகொண்டிருந்ததால் விஷயம் கொஞ்சம் தாமதமாகத்தான் வெளியே வந்தது. முதலில் பார்த்தவர் அவள் கணவர், கடைவீதி முனையில் சலூன் வைத்திருப்பவர். காலையில் கண் விழித்து, பழக்கதோஷத்தில் பக்கத்தில் கையை நீட்டியவருக்கு விரலில் ஈரமாக ஏதோ தட்டுப்பட்டது. தலையணையை ஒட்டி மெத்தைத் துணியைப் பொத்துக்கொண்டு பொடிப்பொடியாகப் பச்சைத் துளிர்கள். பூஞ்சணம்தான் பிடித்துவிட்டதோ என்று எழுந்து உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். புதினா. அதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாசனையோடு ஒரே அறையில் தூங்கியவருக்கு வேறு யார் வந்து சொல்ல வேண்டும்?

அவள் உயிரோடு இருந்தவரை அந்த வீட்டு மொட்டைமாடியில் கால் வைக்க இடம் இருக்காது. எண்ணெய் டின், ஓட்டை வாளி, யாரோ வேண்டாமென்று போட்ட கைகழுவும் தொட்டி என்று கிடைத்ததிலெல்லாம் மண்ணை நிரப்பி ஏதாவது ஒரு தழையை வளர்த்துவிடுவாள். புதினாவும் கொத்தமல்லியும் ஹோட்டல் சமையலறைகளுக்குப் போகும். எலுமிச்சைப்புல்லையும் சோம்புத் தழையையும் மண்டப அலங்காரக்காரர் வாங்கிக்கொண்டுபோய், மேஜை ஜாடிகளில் பூவுக்கு நடுவே செருகுவார். கற்பூரவல்லி மட்டும் விற்பனைக்கு இல்லை. இருமிக்கொண்டு யார் படியேறி வந்தாலும் நாலு இலையைக் கிள்ளிக் கையில் கொடுத்து, கூடவே நாலு வார்த்தை திட்டும் கொடுத்து அனுப்புவாள். வாய் கொஞ்சம் நீளம்தான். "நீங்க ஒருத்தனுக்கு வெட்டிவிட்டா அவன் அடுத்த மாசம்தான் திரும்பி வருவான். நான் வெட்டிக் கொடுத்தா நாளைக்கே வந்து நிப்பான்" என்று புருஷனைச் சீண்டிக்கொண்டே இருப்பாள். அவருடைய கத்தரிக்கோலைச் செடிப்பக்கம் அண்ட விட்டதில்லை. அவளுக்குக் கட்டைவிரல் நகமே போதும்.

அவள் போன பிறகு அவர் மாடிப்படி ஏறவில்லை. ஏறாமலே இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று ஞாபகம் வந்து ஓடியபோது டின்னும் வாளியும் தொட்டியும் மொத்தமாகக் காய்ந்து கிடந்தன. கையால் பிடித்தால் பொடியாக உதிர்ந்தது. அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக வாய்விட்டு அழுதார். மறுநாள் காலையில்தான் மெத்தை முளைத்தது.

ஒரே மாதத்தில் ஆள் அடையாளம் தெரிய ஆரம்பித்தது. தலை இருந்த இடத்தில் புதினா அடர்ந்து நின்றது. தோளிலிருந்து இடுப்பு வரை கற்பூரவல்லி. கன்னத்துக்கடியில் மடித்து வைத்துக்கொள்ளும் கை முழுக்கச் சோம்புத் தழை. மடக்கிய முழங்காலும் அதற்குக் கீழேயும் எலுமிச்சைப்புல். ஒருக்களித்து, முழங்காலை வயிற்றோடு இழுத்துக்கொண்டு, போர்வை பத்தாதவள் மாதிரி எப்போதும் படுப்பாளே, அதே வாகு. தெருவே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி தலைமாட்டில் நின்று மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கா. என்ன, கொஞ்சம் இளைச்சிருக்கா" என்றாள். நகராட்சியிலிருந்து வந்த ஆள், கட்டிலுக்குக் கால் இருப்பதால் இதைத் தோட்டம் என்று எழுத முடியாது, செடிக்கு வேர் இருப்பதால் கட்டில் என்றும் எழுத முடியாது என்று சொல்லி, ஒன்றுமே எழுதாமல் போய்விட்டார். அதற்குப் பிறகு கூட்டம் குறைந்தது. எல்லோருக்கும் அவரவர் வேலை இருந்தது.

சலூன்காரர் கடையில் தலைக்குத் தண்ணீர் பீச்சும் பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். காலையும் மாலையும் அதைக்கொண்டு தெளிப்பார். பெரிய பல் சீப்பை எடுத்துப் புதினாவை மெல்லக் கோதிவிட்டு, உதிர்ந்த இலையைப் பொறுக்குவார். அன்றைக்கு யார் யார் கடைக்கு வந்தார்கள், யாருக்கு வழுக்கை விழுகிறது, யார் அதை ஒத்துக்கொள்ளாமல் வாதாடினார்கள் என்று ஒன்று விடாமல் சொல்லுவார். ஒருநாள் கடையில் கூட்டம், தண்ணீர் தெளிக்க மறந்துவிட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால் செடி முழுதும் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது. கோபம் வந்தால் அவள் அப்படித்தான் திரும்பிப் படுப்பாள். அவர் மன்னிப்புக் கேட்டு, பாட்டில் பாட்டிலாகத் தெளித்து, மறுநாள் மத்தியானத்துக்குள் சமாதானம் ஆயிற்று. அந்த மாதங்களில் அவர் சந்தோஷமாக இருந்தார். பெண்டாட்டி செத்தவன் சந்தோஷமாக இருக்கலாமா என்று கேட்டவர்களும் உண்டு. இருந்தார், அவ்வளவுதான்.

ஆனால் ஒரு இலையைக்கூடத் தொட விடவில்லை. அவளிடம் வருஷக்கணக்காகத் தழை வாங்கிய ஹோட்டல் சமையல்காரர் வந்து ஒரு கைப்பிடி புதினா கேட்டார். இல்லை என்றார். வெளியூரில் வாழ்க்கைப்பட்ட மகள் கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு நெஞ்சு கட்டி இருமல். "ரெண்டு கற்பூரவல்லி இலை குடுங்கப்பா" என்றாள். இதோ என்று எழுந்து போனவர் பின்வாசல் வழியாகச் சந்தைக்கு ஓடி, ஒரு கட்டு வாங்கிவந்து, கட்டிலிலிருந்து பறித்தது மாதிரியே கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகள் இலையை மூக்கருகே கொண்டுபோனாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அந்த இலையையே வாட்டிச் சாறு பிழிந்து குழந்தைக்குக் கொடுத்தாள்.

வெயில் ஏற ஏறச் செடிக்கு வேறொன்று நேர்ந்தது. புதினாத் தண்டு குச்சியாக இறுகியது. கீழிலைகள் பழுத்து உதிர்ந்தன. கற்பூரவல்லி கணுவுக்குக் கணு நீண்டு மெலிந்து துவண்டது. எலுமிச்சைப்புல்லில் பாதிக்குமேல் சருகு. அவர் தண்ணீரை இன்னும் அதிகமாகத் தெளித்தார். மெத்தைப் பஞ்சு ஊறி அழுகிய வாடைதான் வந்தது. ஒருநாள் உச்சந்தலையில் ஊதா நிறத்தில் சின்னச் சின்ன மொட்டுகள் கண்ணில் பட்டன. பூக்கிறாள் என்று பூரித்துப்போய் மகளுக்குப் போன் செய்தார். சமையல்காரரையும் கடைவீதியிலிருந்து கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினார்.

சமையல்காரர் பூவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. தண்டை விரலால் நெருடிப் பார்த்தார்.

"அண்ணே, இது சந்தோஷப்படுற விஷயம் இல்ல. தழை எடுக்குற செடியைப் பூக்க விட்டா அதோட கதை முடிஞ்சது. அண்ணி ஒரு பூ பாத்துட்டாலே அலறி அடிச்சுட்டு கிள்ள ஓடுவாங்க."

"இப்ப என்ன செய்யணும்?"

"வெட்டணும். அடியில ரெண்டு கணு விட்டுட்டு மொத்தமா வெட்டணும். வெட்டினா பக்கத்துல ரெண்டு ரெண்டா கிளைச்சு எங்க வேணும்னாலும் ஓடும். ஆனா..." சமையல்காரர் கட்டிலைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அதுக்கப்புறம் இந்த உருவம் நிக்காது அண்ணே. சும்மா செடியாத்தான் இருக்கும்."

வெட்டாவிட்டால் செடி சாகும். வெட்டினால் செடி பிழைக்கும், அவள் இருக்கமாட்டாள். சலூன்காரர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். ஊரில் பாதித் தலைகளில் கத்தரி வைத்தவர், இங்கே ஒரு நுனியைத் தொட முடியாமல் இருந்தார். நாள்கள் போயின. கடையைத் திறக்கவில்லை. தாடி வளர்ந்தது. அதைப் பார்த்து ஊர் கவலைப்பட்டது, சொந்தத் தாடியையே எடுக்காத சலூன்காரரை யார் நம்புவது?

மகள் மறுபடியும் வந்தாள். இருமல் இன்னும் விடாத குழந்தையைக் கூடத்தில் கிடத்திவிட்டு, நேராக அறைக்குப் போய், அவருடைய பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். அவர் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"விடுங்கப்பா. இலையெல்லாம் கொட்டிப் போச்சு, கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"வேணாம்மா. நான் ஒருதடவை வெட்டினேன். அது வளரல."

அதற்குப் பிறகு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். நோய் முற்றி, மருந்தில் முடியெல்லாம் கொட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்ன மறுநாள், புதினாக்காரி கடைக்கு வந்தாள். கதவைப் பாதி இறக்கிவிட்டு வாடிக்கையாளர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, எடுத்துவிடுங்க என்றாள். இடுப்பு வரை இருந்த கூந்தல். அவர் கை நடுங்காமல் மழித்தார். மழித்துக்கொண்டே, என் கை ராசியான கை, மூன்று மாதத்தில் பழையதைவிட அடர்த்தியாக வளரும் பார் என்று அடித்துச் சொன்னார். தலையில் ஒரு மயிர்கூடத் துளிர்க்காமல்தான் அவள் போனாள். கடைசி வாரம்வரை காலையில் எழுந்ததும் கையால் தலையைத் தடவிப் பார்ப்பாள். அவர் அப்போதெல்லாம் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார்.

மகள் கத்தரிக்கோலைக் கட்டிலில் வைத்தாள். "வளராதுன்னு அம்மாவுக்குத் தெரியும்பா. நர்ஸ் எங்கிட்டயும் அம்மாகிட்டயும் சேர்த்துத்தான் சொன்னாங்க. வேற யாரும் கை வைக்கக் கூடாது, அவரு கையாலயே எடுத்துக்கறேன்னு சொல்லிட்டுத்தான் உங்க கடைக்கு வந்தாங்க."

அவர் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். கடையில் போர்த்துகிற வெள்ளைத் துணியை எடுத்து உதறி, தலைமாட்டில் மெத்தைமேல் விரித்தார். தண்ணீர் தெளித்தார். சீப்பால் ஒருமுறை கோதினார். கண்ணை மூடி நின்றுவிட்டு, காதோரம் இருந்த இடத்திலிருந்து தொடங்கினார். கத்தரிச் சத்தம் கூடம்வரை கேட்டது. ஒவ்வொரு வெட்டுக்கும் வாசனை எழும்பி அறையை நிறைத்தது, அதோடு அவர் அழுகையும். தலை முடிந்தது, தோள் முடிந்தது, கை முடிந்தது. கடைசிப் புல்லையும் அரிந்து முடித்ததும், எந்த வாடிக்கையாளருக்கும் செய்கிற மாதிரி கைக்கண்ணாடியை எடுத்து தலைக்குப் பின்னால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் காட்டினார். என்ன செய்கிறோம் என்று உறைத்ததும் கண்ணாடியை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். மகள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலம் குழந்தைக்கு அந்தக் கற்பூரவல்லிச் சாற்றைக் கொடுத்தார்கள். இருமல் நின்றது.

எட்டு நாளில் வெட்டிய கணுவெல்லாம் இரண்டு இரண்டாகத் துளிர்த்தது. சமையல்காரர் சொன்னது சொன்னபடியே நடந்தது. மாதத்துக்கு ஒருமுறை வெட்ட வெட்டத் தழை அடர்ந்தது, உருவம் கரைந்தது. முதலில் கை போயிற்று, பிறகு முழங்கால் மடிப்பு. புதினா வேரோடி இடுப்பைத் தாண்டியது, கற்பூரவல்லி தலைமாட்டில் வந்து குடியேறியது. மழைக்காலத்தில் புதினா அவர் பக்கத்துக்கும் வந்துவிட்டது. அவர் தலையணையை எடுத்துக்கொண்டு தரையில் பாய் விரித்துக்கொண்டார். ஹோட்டல்களுக்குத் தழை போயிற்று. அலங்காரக்காரர் ஜாடிகளுக்கு வாங்கினார். இருமல்காரர்கள் வந்து இலவசமாக வாங்கிப் போனார்கள், திட்டுவதற்குத்தான் அந்த வீட்டில் ஆள் இல்லை. செடி சுவர்ப்பக்கம் திரும்புவது நின்றுபோயிற்று. ஒருதடவை வேண்டுமென்றே இரண்டு நாள் தண்ணீர் தெளிக்காமல் இருந்து பார்த்தார். இலை வாடியது, திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவர் அப்படிச் செய்யவில்லை.

இப்படியே வருஷங்கள் ஆயின. பேத்தி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாள். ஊருக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு டீச்சர் ஒருநாள் காலையில் புதினா வாங்க வந்தார். தெருவில் யாரோ கதையைச் சொல்லியிருந்தார்கள். அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தயங்கித் தயங்கி, "தப்பா நினைச்சுக்காதீங்க, அம்மாவோட முகம் எந்த இடத்துல இருந்துச்சு?" என்று கேட்டார்.

"இங்கதாம்மா" என்று சலூன்காரர் கையை நீட்டினார். நீட்டிய கை புதினாவுக்கு மேலே நின்றது. கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்தது. பிறகு வலது பக்கம். கட்டிலின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே பச்சையாக இருந்தது. எது தலைமாடு, எது கால்மாடு என்று அவர் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கட்டிலைச் சுற்றி ஒருமுறை வந்தார்.

"தெரியலையேம்மா" என்றார். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.

வாசலில் சமையல்காரர் வந்து, அடுப்பு பற்றவைத்தாயிற்று அண்ணே, இரண்டு கட்டு சீக்கிரம் வேண்டும் என்று குரல் கொடுத்தார். சலூன்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்து, தனக்குக் கிட்டத்தில் இருந்த பக்கத்திலிருந்து வெட்ட ஆரம்பித்தார்.