எண்ணெயின் கனம்

மணிக்கட்டில் தொடங்கிய குடைச்சல் முழங்கை வரை ஏறி, தோளில் போய் உட்கார்ந்துகொண்டது. விரல்களில் மட்டும் வலியில்லை. வலித்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. வருஷக்கணக்காக மண்ணெண்ணெயில் கை கழுவியும், அதிர்கிற இரும்பைப் பிடித்தும் விரல் நுனிகள் மரத்துக் கட்டையாகிவிட்டன.

கல்லுடைக்கும் ஆலையில் எண்ணெய் போடுபவன் அவன். எல்லாருக்கும் ‘வைத்தியர்’. கியர் பெட்டியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து இழுத்தே கனம் சொல்லிவிடுவான். எண்ணெய் அறைச் சுவரில் ஒட்டிய தாளில் பாகுத்தன்மை, தீப்பற்றும் வெப்பம், உறையும் வெப்பம் என்று வரிசையாக இருக்கும். அந்தப் பாகுத்தன்மைதான் இவர்கள் வாயில் கனம். அது குறைந்தால் எண்ணெய்ப் படலம் கிழியும். கியர்ப் பல்லோடு பல் உரசும். அதைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். விரல் செத்துப்போனதை வீட்டில்கூட அவன் சொல்லவில்லை. தெரிந்தால் மறுநாளே கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான்.

அன்று காலை, இயந்திரத்தை ஓட்டுகிற மைத்துனன் கூப்பிட்டான்.

“வைத்தியரே, பேஷண்ட் முனகுறான். நாடி பாருங்க மாமா!”

தேய்த்தான். காற்றைத் தேய்த்த மாதிரி இருந்தது. மறுபடி தேய்த்தான்.

“என்ன மாமா, மோதிரத்துக்கு அளவா எடுக்குறீங்க?”

நிறம் தேன் போலிருந்தது. தீய்ந்த வாடையும் இல்லை. அதை நம்பினான்.

“கனமாத்தான் இருக்கு. ஓட்டு.”

போன வாரம் பெட்டியைக் கழுவ அவனே ஊற்றிய மெல்லிய எண்ணெய் முழுக்க வடியவில்லை. அடியில் தங்கி, புது எண்ணெயையும் நீர்க்க வைத்திருந்தது. நிறத்திலும் வாடையிலும் அது தெரியாது.

மத்தியானத்துக்குள் பெட்டி அலறி நின்றது. பற்கள் நொறுங்கிக் கிடந்தன. மைத்துனன் மூடியைத் திறந்து எண்ணெயைத் தொட்டான். சூட்டில் இளகும் என்பது அவனுக்குத் தெரியாததில்லை. ஆனால் இது வெறும் தண்ணீர். நிமிர்ந்து மாமாவின் விரல்களைப் பார்த்தான்.

ஃபோர்மேன் வந்துவிட்டார். “எண்ணெய் பார்த்தியா?”

“பார்த்தேன் சார். சரியாத்தான் இருந்துச்சு.”

“அப்ப இவன்தான் லோடு அதிகமா ஏத்தி உடைச்சிருக்கான்.”

வைத்தியர் சொன்ன பிறகு அங்கே வேறு சோதனை கிடையாது. மைத்துனன் வாய் திறக்கவில்லை. கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள்.

கேட்டருகே மைத்துனனை எட்டிப் பிடித்தான்.

“விரல்ல உணர்ச்சி இல்லைன்னு என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல மாமா? அப்பவே நிறுத்தியிருப்பேனே.”

“இப்பவே போய்ச் சொல்லிடுறேன்டா.”

“சொல்லி? ரெண்டு பேரும் தெருவுல நிப்போம். அக்கா எதை வச்சு அடுப்பு மூட்டும்? போங்க, ஷிஃப்ட் முடியல.”

போனான். அதுதான் கேவலம். அடுத்த பெட்டியில் சொட்டு எடுத்துத் தேய்த்து, “சரியா இருக்கு” என்றான். அதை ஓட்டுகிறவன் தலையாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டான்.

ஃபோர்மேன் அறை பக்கத்தில்தான். கதவு திறந்தே கிடந்தது. அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாளைக்கும் திரும்பப்போவதில்லை என்று அவனுக்கே தெரியும்.

மைத்துனனுக்கு அவன் பட்ட கடன், பறிபோன அந்த வேலை. இன்னும் கொடுக்கவில்லை.